ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு: முதலில் தண்ணீர், அடுத்து புரதம், சோறு கடைசியில்

எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிற எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு?" முதல் ஆறு வாரத்துக்கு அந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்துவிடலாம். எடை தன்பாட்டுக்கு இறங்கும். இந்த நாட்களில் பார்க்க வேண்டியவை இரண்டு. உடம்பில் நீர் வற்றக் கூடாது. தையல் போட்ட இரைப்பையைச் சீண்டாமல் ஆறவிட வேண்டும். ஆபரேஷன் ஆனவர்கள் திரும்ப அட்மிட் ஆவதற்கு மிகச் சாதாரணமான காரணம் நீர்ச்சத்துக் குறைவும் குமட்டலும் வாந்தியும்தான். எல்லாரும் பயப்படும் தையல் கசிவு அதைவிட அபூர்வம்.

ஸ்லீவ் என்ற வகை எடைக் குறைப்பு ஆபரேஷனில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் சாப்பாட்டு விதிகள் பாதி தானாகப் புரிந்துவிடும். இரைப்பையின் இடதுபுறம் பை போலத் தொங்கும் பகுதியை, மொத்தத்தில் ஏறக்குறைய எழுபத்தைந்து முதல் எண்பது சதவீதத்தை, ஸ்டேப்ளரால் தைத்து வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது நீளமான ஒரு குழாய். ஆறிய பிறகு அதன் கொள்ளளவு 100 முதல் 150 மி.லி. ஆனால் முதல் இரண்டு மூன்று வாரம் உள்சுவர் வீங்கியிருப்பதால் ஒரு நேரத்தில் 30 முதல் 60 மி.லி. போவதே கஷ்டம். பழைய இரைப்பை விரிந்து கொடுக்கும். இந்தக் குழாய் விரியாது. மேலே உணவுக்குழாயின் வால்வு, கீழே சிறுகுடல் வாசலின் வால்வு, நடுவே விரியாத குழாய் என்பதால் ஒரு மடக்கு அதிகமாக விழுங்கினாலும் அழுத்தம் சட்டென்று ஏறும். நடு நெஞ்சில் கல் வைத்தது போன்ற அந்த வலியும் எதுக்களிப்பும் இதனால் வருபவை. இன்னொரு வகையான இரைப்பை பைபாஸில் கதை வேறு. அங்கே இரைப்பையை 30 மி.லி. அளவுள்ள சிறு பையாக்கிக் குடலை நேராக அதில் இணைத்துவிடுகிறார்கள். ஆரம்ப வாரங்களின் சாப்பாட்டு முறை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே. வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒரு டயட் சார்ட் கொடுக்கும். ஓரிடத்தில் பத்து நாள் திரவ உணவு என்பார்கள், இன்னோரிடத்தில் மூன்று வாரம் என்பார்கள். இங்கே சொல்லும் வாரக்கணக்குக்கும் உங்கள் சார்ட்டுக்கும் வித்தியாசம் இருந்தால் சார்ட்டைத்தான் பின்பற்ற வேண்டும்; தையலைப் பார்த்தவர் உங்கள் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள்

சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபியில் வயிற்றைக் கரியமில வாயுவால் உப்ப வைத்துத்தான் வேலை செய்வார்கள். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தை உறுத்தும்; வலி தோள்பட்டையில் தெரியும். நடந்தால் குறையும், படுத்தே கிடந்தால் நீடிக்கும். அன்றைக்கு மாலையே எழுந்து நடக்கச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் காலில் ரத்தம் உறைவது. உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் இறுக்கமான காலுறையும் வயிற்றுத் தோலில் போடும் ஊசியும். சிலருக்கு அந்த ஊசியை வீட்டிலும் சில வாரம் தொடரச் சொல்வார்கள். "வீட்டுக்கு வந்தாச்சே" என்று பாதியில் விடக் கூடாது.

மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பழகச் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் பலர் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். வீட்டிலும் ஒரு வாரம், விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பத்து மூச்சு இழுப்பது நல்லது.

தண்ணீர்

குறி ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். முதல் நாளே அது வராது. வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாளில் ஒரு லிட்டரைத் தொட்டு, வாரக் கடைசியில் ஒன்றரையை எட்டினால் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் இன்னும் அரை லிட்டர் தேவைப்படும்.

தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று இருந்தால் நடக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் 30 மி.லி. பிளாஸ்டிக் கப் இரண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒரு கப், அதையும் ஒரே மூச்சில் இல்லாமல் நாலைந்து வாயாக. மணிக்கு 120 மி.லி. ஆயிற்று, காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை, உணவு நேரம் போக, கணக்கு ஒன்றரை லிட்டருக்கு வந்துவிடும். போனில் கால் மணி அலாரம் வைப்பது வீட்டாருக்கு எரிச்சலாக இருக்கும். இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும்.

அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கத்தை இப்போதைக்கு விட வேண்டும். அண்ணாந்து ஊற்றும்போது தண்ணீரோடு காற்றும் போகிறது, அளவும் தெரிவதில்லை. ஸ்ட்ராவுக்கும் இதே காரணம். சோடா, கோலா, பன்னீர் சோடா வேண்டவே வேண்டாம். வாயு வெளியேற இந்தக் குழாயில் இடமில்லை. பச்சைத் தண்ணீர் நெஞ்சில் கனமாக இறங்குகிறது என்று பலர் சொல்வதுண்டு. வெதுவெதுப்பாக்கியோ, குளிர்ச்சியாகவோ, சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டியோ குடித்துப் பாருங்கள். எது இறங்குகிறதோ அதுவே சரி.

வெறும் தண்ணீரையே ஒன்றரை லிட்டர் குடித்தால் உப்பு போதாது. எழுந்து நிற்கும்போது தலை கிறுகிறுக்கும். உப்புப் போட்ட நீர்மோர், வடிகட்டிய ரசம், ஆட்டெலும்பு சூப்பின் தெளிவு, ஓ.ஆர்.எஸ். என்று மாற்றி மாற்றிக் குடிக்கலாம். நீர்மோரை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு, ஒரு கடுகு போதும், அரை நாள் அவதிப்பட. ரசத்தில் மிளகும் புளியும் பாதியாகக் குறையட்டும், தாளிப்பே வேண்டாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சர்க்கரையும் பொட்டாசியமும் உண்டு, சோடியம் குறைவு. நாளுக்கு ஒரு டம்ளர் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். பழ ஜூஸ் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாகி, நாளுக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போனால், இன்னும் கொஞ்சம் குடித்துப் பார்க்கலாம் என்று இரவு வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். நீர் வற்றினால் குமட்டும்; குமட்டினால் குடிக்க முடியாது; குடிக்காவிட்டால் இன்னும் வற்றும். ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் இந்தச் சுழலை உடைத்துவிடும்.

பருப்புத் தண்ணீரில் பருப்பு இல்லை

முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம். அதன் பிறகு சுமார் இரண்டு வாரம் பால், மோர், வடிகட்டிய சூப் போன்ற கெட்டியில்லாத திரவங்கள். இங்கேதான் நம் வீடுகளின் பாசம் குறுக்கே வருகிறது. உடம்பு சரியில்லாதவருக்கு நமக்குக் கொடுக்கத் தெரிந்ததெல்லாம் கஞ்சி. அரிசிக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, ஆரோரூட், ராகிக் கூழ். இவை வயிற்றுக்கு இதம்தான். ஆனால் பெரும்பாலும் மாவுச்சத்து. இவருக்கு நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு நேரத்துக்கு 60 மி.லி. இடமே உள்ள வயிற்றில் கஞ்சியை ஊற்றிவிட்டால் புரதத்துக்கு இடம் எங்கே? புரதம் குறைந்தால் இறங்கும் எடையில் தசை அதிகமாகக் கரையும், தையல் ஆறுவது தாமதப்படும், மூன்றாம் மாதம் முடி கொட்டும்போது அதன் வேகமும் கூடும்.

பருப்புத் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாசிப்பருப்பை வேக வைத்து மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துக் கொடுத்துவிட்டு, புரதம் கொடுத்தாயிற்று என்று நினைப்பவர்கள் அதிகம். புரதம் அடியில் நிற்கும் பருப்பில் இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, அதாவது 30 கிராம் அளவில், சுமார் 7 கிராம் புரதம் உண்டு. குக்கரில் குழைய வேக வைத்து, மிக்ஸியில் அடித்து, டீ வடிகட்டியில் ஒருமுறை வடித்து, 250 மி.லி. ஆக நீர்க்க வைத்துக் கொடுத்தால் அந்த 7 கிராமில் பெரும்பகுதி உள்ளே போகும். அது இரண்டாம் வாரத்து உணவு. முதல் வாரத்தில் தெளிவு மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால் அதைத் தண்ணீர்க் கணக்கில் எழுதுங்கள். ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். உப்புக்கும் நீருக்கும் நல்லது, புரதத்துக்கு அதை நம்ப முடியாது.

இந்த இரண்டு வாரத்தில் 60 கிராமை எட்ட, புரோட்டீன் பவுடர் இல்லாமல் முடிவது அரிது. ஒரு நாள் கணக்கு இப்படிப் போகும்: வே புரோட்டீன் (பால் தெளிவிலிருந்து எடுத்த புரதப் பவுடர்) இரண்டு ஸ்கூப், 48 கிராம் வரை. கொழுப்பு நீக்கிய பால் 300 மி.லி., 9 முதல் 10 கிராம். அதில் கரைத்த பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, 5 அல்லது 6 கிராம். மோரிலும் சூப்பிலும் மூன்று நான்கு. மொத்தம் 65ஐத் தாண்டிவிடுகிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்: 30 கிராம் ஸ்கூப்புக்குக் குறைந்தது 20 கிராம் புரதம் இருக்க வேண்டும், சர்க்கரை ஓரிரு கிராமுக்கு மேல் கூடாது. குழந்தைகளுக்கான 'ஹெல்த் டிரிங்க்' பவுடர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் தேறாது. பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறவர்களுக்கு, பால் சர்க்கரை பெரும்பாலும் நீக்கிய வே ஐசோலேட் ஒத்துக்கொள்ளும். பாலே வேண்டாம் என்பவர்களுக்குச் சோயா அல்லது பட்டாணிப் புரதம்.

ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கிலோ டப்பா வாங்கி வைப்பது வீண். ஆபரேஷனுக்குப் பின் நாக்கு மாறிவிடும்; நேற்று பிடித்த சாக்லேட் மணம் இன்று குமட்டும். சிறு பாக்கெட்டுகளாக இரண்டு மூன்று சுவைகளையும், சுவையே சேர்க்காத ஒன்றையும் வாங்கி வையுங்கள். சுவையில்லாததை மோரிலோ ஆறிய ரசத்திலோ கலக்கலாம். கொதிக்கும் திரவத்தில் போட்டால் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். கை பொறுக்கும் சூட்டில்தான் கலக்க வேண்டும். குலுக்கியதும் குடிக்காமல், நுரை அடங்கப் பத்து நிமிஷம் வைத்திருந்து குடியுங்கள். நுரையும் காற்றுதான்.

மிக்ஸி வாரங்கள்

மூன்று, நான்காம் வாரங்களில் மசித்த உணவு. ஒரு வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி நாலு வரை, நாளுக்கு ஐந்து ஆறு வேளை. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் மெதுவாக வழுக்கி விழ வேண்டும்; அதுவே பதம். கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றால் இன்னும் கொஞ்சம் மோரோ சூப்போ ஊற்றி அடிக்க வேண்டும்.

குழைய வேக வைத்து அடித்த பாசிப்பருப்பு. துணியில் இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர். சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு 3 கிராம் புரதம் என்றால் இதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாலோடு அடித்த பன்னீர். அரை வேக்காட்டில் இல்லாமல் முழுக்க வெந்த, ஆனால் ஈரமாக இருக்கும் முட்டைப் பொரியல். ஒரு முட்டைக்கு 6 கிராம். அசைவர்களுக்கு மீன்தான் முதல் மாமிசம். முள் குறைந்த வஞ்சிரமோ கொடுவாவோ மஞ்சள், உப்பு போட்டு இட்லிப் பானையில் ஆவியில் வேக வைத்து, கையால் உதிர்த்து முள் பார்த்து, ரசத் தெளிவு விட்டு மசித்தால் சுலபமாக இறங்கும். 50 கிராம் மீனில் 10 கிராம் புரதம் வந்துவிடும். கோழியை மசித்தாலும் அது மணல் போல உலர்ந்து நிற்கும். ஐந்தாம் வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

சாப்பிடும் முறை, சாப்பிடும் பொருளை விட முக்கியம். டீஸ்பூன் நுனியில் எடுத்து, வாயில் கூழாகும் வரை வைத்திருந்து விழுங்கி, அடுத்த வாய்க்கு முன் முப்பது விநாடியாவது காத்திருக்க வேண்டும். நாலு மேசைக்கரண்டிக்கு இருபது நிமிஷம். அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம். மிச்சத்தை மூடி வைத்துவிடலாம். கையால் சாப்பிட்டுப் பழகிய நமக்கு ஸ்பூன் அந்நியமாகத் தோன்றும், ஆனால் நம் ஒரு கவளம் மூன்று டீஸ்பூனுக்குச் சமம். டி.வி.யும் போனும் பக்கத்தில் இருந்தால் எண்ணிக்கை தப்பிவிடும்.

வயிறு நிறைந்ததற்கான பழைய அடையாளம் இனி கிடைக்காது. புது அடையாளங்கள் வினோதமானவை: ஒரு விக்கல், தும்மல், மூக்கில் நீர் வழிவது, நடு மார்பில் லேசான அழுத்தம், நீளமான ஒரு பெருமூச்சு. எவருக்கு எது என்பது பத்து நாளில் தெரிந்துவிடும். அது வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு வாய்தானே, வீணாகுதே" என்ற அந்த வாய்தான் வெளியே வரும். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இது பெரிய போராட்டம். தீர்வு ஒன்றுதான்: தட்டில் போடும்போதே கிண்ணத்தால் அளந்து போட்டுவிடுவது.

வேகமாக விழுங்கியோ சரியாக மசியாமலோ உணவு மேலேயே நின்றுவிட்டால் வாயில் எச்சில் ஊறி ஊறி வெள்ளை நுரையாக வரும். தண்ணீர் குடித்துத் தள்ளிவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். மேலே நிற்கும் அடைப்பின் மேல் தண்ணீரும் நின்று, வாந்தியாகத்தான் முடியும். எழுந்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் அரை மணியில் இறங்கிவிடும். வாந்தி எடுத்துவிட்டால் இரைப்பை மறுபடி வீங்கியிருக்கும். அடுத்த இருபத்து நாலு மணி நேரம் திரவத்துக்குத் திரும்பிப் போய், அப்புறம் மசித்ததைத் தொடங்க வேண்டும். அடுத்த வேளையே மறுபடி முயன்று பார்ப்பவர்களுக்குத்தான் மூன்று நாள் வாந்தி தொடர்கிறது.

சாப்பாடு தனி, தண்ணீர் தனி

மசித்த உணவு தொடங்கிய நாளிலிருந்து சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துத்தான் குடிக்க வேண்டும். சாப்பிடுவதற்கு முன்பும் இதே போல இடைவெளி விடச் சொல்வார்கள். முதல் மாதத்தில் இது இடத்துக்கான விதி. தண்ணீரும் உணவும் சேர்ந்தால் குழாய் வழிந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகும் இந்த விதி நிற்பதற்குக் காரணம் வேறு: திரவம் கலந்த உணவு சீக்கிரம் கீழே இறங்கிவிடும், நிறைவு நிற்காது, அடுத்த ஒரு மணியில் கை தட்டைத் தேடும். ரசம் சாதமும் கரைத்த மோர் சாதமும் இந்த விதியைச் சத்தமில்லாமல் உடைப்பவை. ஒரு கரண்டி சாதத்தை ரசத்தில் மிதக்கவிட்டுக் குடிப்பது சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதேதான்.

இட்லி மென்மையானதுதான், ஆனால்

ஐந்தாம் வாரத்தில் பல்லுக்கு வேலை கொடுக்கும் மென்மையான உணவுகள் வரும். எல்லா வீட்டிலும் முதலில் இட்லிதான் வேகும். பாதி இட்லி, நன்றாக மென்று, சாம்பாரில் ஊறவிட்டுச் சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு இட்லியில் புரதம் 2 கிராம்தான். அதனால் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் முட்டையோ பன்னீரோ மீனோ கெட்டிப் பருப்போ, அப்புறம் நன்றாக வெந்த சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி போன்ற காய், அதற்கும் பிறகு இடம் இருந்தால் இட்லி. இடம் பெரும்பாலும் இருக்காது. இருக்கவும் வேண்டியதில்லை.

பிரெட், சப்பாத்தி, புரோட்டா, குழைந்த சாதம் எல்லாம் மென்றதும் பிசைந்த மாவு போல ஒன்றுசேர்ந்து அடைத்துக்கொள்ளும். பலருக்குத் தோசையின் முறுகலான ஓரம் இறங்குகிறது, மென்மையான சப்பாத்தி நிற்கிறது. கேட்க முரணாக இருக்கும், காரணம் இந்த ஒட்டும் தன்மைதான். மூன்று மாதம் வரை இவற்றைத் தள்ளிவைப்பது நல்லது. நாராக வருபவை இன்னொரு வகை: முருங்கைக்காய், கீரைத்தண்டு, வாழைத்தண்டு, பனங்கிழங்கு, ஆரஞ்சுச் சுளையின் தோல், தேங்காய்த் துருவல். மென்றும் கரையாத இந்த நார் உள்ளே பந்தாகத் திரண்டு அடைப்பதுண்டு. கீரை வேண்டுமென்றால் இலையை மட்டும் கடைந்து சாப்பிடலாம். நேற்று வறுத்த கோழியை இன்று சூடுபடுத்திச் சாப்பிடுவது, ஐந்தாம் வாரத்து வாந்திக்கு ஒரு சாதாரணக் காரணம். மாமிசம் எப்போதும் குழம்பின் ஈரத்தோடு, புதிதாகச் சமைத்தது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. டீயில் நனைத்த பிஸ்கட், முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம், அல்வா. இவை வாயிலேயே கரைந்து தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். வலி இல்லை, விக்கல் இல்லை. "இது மட்டும் நல்லா இறங்குது" என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் கவனம் வேண்டும். பைபாஸ் ஆனவர்களுக்கு இனிப்பு அதற்கான தண்டனையையும் உடனே கொடுத்துவிடும்: சாப்பிட்டுப் பத்து முதல் முப்பது நிமிஷத்தில் வயிற்றைப் பிசைந்து, வியர்த்து, நெஞ்சு படபடத்து, பேதியாகும். டம்பிங் என்பார்கள். இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, ரத்தச் சர்க்கரை சரிந்து கை நடுங்குவது. ஸ்லீவிலும் வரலாம், குறைவாக.

ஒரு வேளையின் அளவு ஆறு எட்டு வாரத்தில் 100 மி.லி. கிண்ணத்தைத் தொடும். முன்பு இருந்த பசி ஸ்லீவ் ஆனவர்களுக்கு ஆரம்பத்தில் இருக்காது; பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் பகுதி வெட்டப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் இரண்டாம் வாரத்தில் வயிறு 'கவ்வுகிறது' என்றால் அது பெரும்பாலும் அமிலம். காலையில் வெறும் வயிற்றில் போடச் சொன்ன அமிலக் குறைப்பு மாத்திரையை விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். வழக்கமாக அதை மூன்று மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

மாத்திரைகள்

பெரிய மாத்திரைகள் முதல் வாரங்களில் இறங்காது. பொடித்துப் போடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருப்பவை மெதுவாகக் கரையச் செய்யப்பட்டவை. பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கும்.

சர்க்கரை நோய் மாத்திரையும் பி.பி. மாத்திரையும் பழைய அளவில் தொடர்ந்தால் சிக்கல். சாப்பாடு பத்தில் ஒரு பங்காகிவிட்ட நிலையில் கிளிமிபிரைடு, இன்சுலின் ஆகியவை சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மாத்திரைகள், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தை அமிலமாக்கக்கூடும். சிறுநீரை அதிகமாக்கும் பி.பி. மாத்திரை உள்ள நீரையும் வெளியேற்றும். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த மூன்றைப் பற்றியும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வீட்டுக்குக் கிளம்புங்கள். வீட்டில் குளுக்கோமீட்டரும் பி.பி. கருவியும் இருக்கட்டும்.

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் எதுவும் வேண்டாம். இணைப்பு உள்ள இடத்தில் புண் உண்டாக்கும். பைபாஸ் ஆனவர்களுக்கு இந்த விலக்கு ஆயுள் முழுக்க. ஊசியாகப் போட்டாலும் இதே விளைவுதான். முட்டிவலிக்குத் தெருமுனை மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் கொடுக்கும் மாத்திரைக் கலவையில் இவற்றில் ஒன்று அநேகமாக இருக்கும். சிகரெட்டும் புகையிலையும் அதே இடத்தில் அதே புண்ணைக் கொண்டுவரும்.

விட்டமின்கள் ஆயுள் முழுக்க. மல்டிவிட்டமின் தினமும், கால்சியம் சிட்ரேட் நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரே வேளையில் 500, 600க்கு மேல் உடம்பு ஏற்காது என்பதால் பிரித்து. இரும்புச்சத்தும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி. இரும்பு மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள். பி12 மாத்திரையாகவோ மாத ஊசியாகவோ. சைவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே பி12, டி குறைவாக இருப்பது சாதாரணம்; முன்பே பரிசோதித்துச் சரிசெய்துவிடுவது நல்லது. பித்தப்பைக் கல் வராமலிருக்க ஆறு மாதத்துக்கு ஒரு மாத்திரை எழுதித் தருவதும் உண்டு. எடை வேகமாக இறங்கும்போது கல் உண்டாவது சகஜம்.

இவற்றில் மிக அவசரமானது பி1, அதாவது தயமின். உடம்பில் இருப்பு சில வாரத்துக்கே போதும். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு வேகமாகத் தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது, கால் எரிச்சல் என்று தொடங்கி, மூளையில் நிரந்தரப் பாதிப்பு வரை போகும். வாந்தியோடு ஏதோ ஒரு கிளினிக்குக்குப் போனால், "எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு. குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி தயமின் போடுங்க" என்று கூட வருபவராவது சொல்ல வேண்டும். தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எப்போது போன் செய்ய வேண்டும்

ஓய்வாக இருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 120ஐத் தாண்டி நிற்பது. காய்ச்சல் 101 டிகிரி. நடந்தும் குறையாத, நாளுக்கு நாள் ஏறும் வயிற்று வலி. நான்காம் ஐந்தாம் நாளுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் இடது தோள் வலி. மூச்சுத் திணறல். ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலிப்பது. ஒரு நாள் முழுக்க எந்தத் திரவமும் நிற்காமல் வெளியே வருவது. கறுப்பு மலம், இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் தார் போலப் பிசுபிசுத்து நாறினால் அது ரத்தம். தையல் கசிவு காய்ச்சலோ வலியோ வரும் முன் நாடித்துடிப்பில்தான் பலசமயம் முதலில் தெரிகிறது. "பயத்துல படபடக்குது" என்று விட்டுவிடாமல் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரால் பார்த்துவிடுங்கள்.

மலச்சிக்கலும் மூன்றாம் வாரத்தில் எடை அப்படியே நிற்பதும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடி கொட்டுவதும் இந்தப் பட்டியலில் வராது. மலச்சிக்கலுக்குத் தண்ணீரைக் கூட்டி, டாக்டர் சொல்லும் சிரப்பைக் குடித்தால் போதும். எடை நிற்பது ஓரிரு வாரத்தில் நகரும். அதற்காகச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. கொட்டிய முடி, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும்.

வீட்டார் காதுக்கு

தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், இடுப்பில் குழந்தை எதுவும் ஒரு மாதம் தூக்கக் கூடாது. துளைகள் சிறியவைதான், ஆனால் உள்தசை ஆற வேண்டும். கல்யாணப் பந்தி முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய், பந்தியில் உட்காராமல் மொய் வைத்துவிட்டு வரலாம். இலை போட்டு எதிரே உட்கார்ந்தபின் "கொஞ்சூண்டு பாயாசம்" என்பதை மறுப்பது நம் ஊரில் யாராலும் முடிகிற காரியமில்லை. ஏகாதசி, சஷ்டி, நோன்பு என்று தண்ணீரில்லாமல் இருக்கும் விரதங்களும் இந்த மாதங்களில் கூடாது. குழந்தைப்பேறு தள்ளிப்போன பெண்களுக்கு எடை இறங்கத் தொடங்கியதும் கரு தங்கும் வாய்ப்பு சட்டென்று கூடும். ஆனால் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிக்காமலிருக்கச் சொல்வார்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. இதை டிஸ்சார்ஜுக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

ரத்தப் பரிசோதனை மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில். அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை. பர்ஸில் ஒரு சீட்டு இருக்கட்டும்: எந்த ஆபரேஷன், என்ன தேதி, எந்த ஆஸ்பத்திரி, வலி ஊசியாக டைக்ளோஃபினாக் கூடாது, மூக்கு வழியாகக் குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு செலுத்தக் கூடாது, வாந்தி என்றால் முதலில் தயமின். அதன் ஒரு போட்டோவை வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள்.